துறைமுகத் தெருவில் ஒரு முறைக்கடை

கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது என் தொழிலாக இருந்தது. மலேசியாவின் போர்ட் கிள்ளானில் அந்த வேலைக்காரரைக் கிராணி என்பார்கள். கப்பலின் மேல்தளத்தில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வலையில் கட்டித் தூக்குகிற மூட்டைகளுக்கு நாலு நேர்க்கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு. கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், துறைமுகத் தரப்பில் ஒருவர். இரண்டும் ஒத்து வராவிட்டால் கீழே நிற்கும் தொங்கானில் இறங்கி மறுபடியும் எண்ண வேண்டும். தொங்கான் என்பது அகலமான சரக்குப் படகு. அது ஆடும். நமக்குத் தலை சுற்றும். ஆனாலும் எண்ண வேண்டும்.

அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது சுங்கை வேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஜன்னல் கம்பிகள், மாடிப்படிகள், எதிர் வீட்டுப் பூந்தொட்டிகள் எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டேன். கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று நான் அடிக்கடி எழுந்து பார்ப்பது மருமகளுக்குப் பிடிக்கவில்லை. அணைத்துத்தான் இருக்கிறது. இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தத் துறைமுகத் தெருவைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அங்கே ஊர் என்று ஒன்றும் கிடையாது. ஆற்றின் வாயில் சதுப்பு, கண்டல் மரம், கொசு. பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் கிள்ளான் வரை வர முடியாது என்பதால் ரயில் பாதையை நீட்டி, கடலோரத்தில் துறை கட்டினார்கள். திறந்த கையோடு மலேரியா வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. துறையை மூடினார்கள், சதுப்பை வடித்தார்கள், மறுபடி திறந்தார்கள். ரயில்வேயில் கிராணியாக இருந்த என் தகப்பனார் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன்.

தோட்டத்து ரப்பர், ஈயம், செம்பனை எண்ணெய் எல்லாம் ரயிலில் வந்து கப்பலேறின. அரிசி, மாவு, சிமெண்ட், வெங்காயம் எல்லாம் கப்பலில் வந்து ரயிலேறின. இடையில் தூக்கவும் இறக்கவும் ஆள் வேண்டும். மூட்டை தூக்கியவர்கள் தமிழர்கள். தொங்கான் ஓட்டியவர்கள் சீனர்கள். சுங்கத்தில் மலாய்க்காரர்கள், வாசற்காவலில் சீக்கியர்கள். எண்ணியவர்கள் எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்தவர்களும் சில மலையாளிகளும். இந்த ஆட்களுக்குப் பசிக்கும் என்பதால்தான் அந்தத் தெருவே உண்டானது.

தெருவின் பிழைப்பு எந்தக் கப்பல் வருகிறது என்பதைப் பொறுத்திருந்தது. சிமெண்ட் கப்பல் வந்தால் முடிதிருத்துகிறவருக்கும் டீக்கடைக்கும் யோகம். தலையெல்லாம் கட்டி தட்டிப் போகும், தொண்டை வறண்டு போகும். அரிசிக் கப்பல் வந்தால் பெண்கள் துடைப்பத்தோடு வந்து சிந்தியதைக் கூட்டுவார்கள். அந்த வாரம் தெருக் கோழிகளெல்லாம் கொழுத்துத் திரியும். வெங்காயக் கப்பல் வந்தால் அழுகினதைப் பொறுக்கிப் பிரிக்க ஐம்பது பேருக்கு வேலை. வேலை முடிந்த பிறகும் தெருவின் கண்களில் நீர் வடியும். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே சாப்பாட்டுக்கடை ஒன்பது, முடிதிருத்தும் கடை நாலு, அடகுக்கடை இரண்டு, நகைக்கடை ஒன்று, கள்ளுக்கடை ஒன்று இருந்தன. நான் எண்ணினேன்.

என் மனைவி காலமான பிறகு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைத் தம்பி குடும்பத்திடம் விட்டுவிட்டு, அந்தத் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மாடி அறைக்கு வந்தேன். வேலைக்குப் பக்கம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அந்த வீட்டில் இருந்தாலும் இந்த அறையில் இருந்தாலும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. மகன் தாப்பாவில் பள்ளி விடுதியில் இருந்தான்.

கீழே கடை நடத்தியவர் தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த முஸ்லிம். பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கிராணியார் என்பார். காலையில் ரொட்டி, மத்தியானம் சோறும் மீன் குழம்பும். கப்பல் வேலைக்குப் போகிற கூட்டம் விடியும் முன்னமே வந்து நிற்கும்.

அந்தக் கடையை அவர் மட்டும் நடத்தவில்லை. அது முறைக்கடை. அவருக்கும் அவர் மனைவியின் அண்ணனுக்கும் பாதிப் பாதி. ஒருவர் மூன்று வருடம் இங்கே கடையில் உட்காருவார். மற்றவர் அந்த மூன்று வருடமும் ஊரில் இருந்து இரண்டு குடும்பத்தையும் பார்த்துக்கொள்வார். பிறகு அவர் கப்பலேறி வந்து உட்காருவார், இவர் போவார். இருவரின் தகப்பன்மார் காலத்திலிருந்து இப்படித்தான். அந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்கு இந்த நாட்டில் இப்படித்தான் கடைகள் இருந்தன.

முறைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. உட்கார்ந்திருக்கிறவர் காலத்து லாபமும் நஷ்டமும் அவருடையவை. அதனால் கடைச் செய்தி எதுவும் ஊருக்குப் போகாது. லாபம் என்று சொன்னால் பெருமை, நஷ்டம் என்று சொன்னால் பிச்சை என்பார் பாய். வாங்கினபடியே கடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே இடம், அதே ரொட்டிக் கல், அதே பெயர்ப்பலகை. ஓடுகிற கடையாகக் கொடுக்க வேண்டும். ஓடாத கடையை வாங்க மாட்டேன் என்று சொல்ல வருகிறவருக்கு உரிமை உண்டு. வாங்காவிட்டால் கொடுக்கிறவரின் முறை முடிந்ததாகாது. அவர் எழுந்து போகக் கூடாது.

இது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு வேடிக்கையாக இல்லை.

எழுபதுகளின் நடுவில் பெட்டி வந்தது. வடக்கே புதுத்துறை கட்டி, இரும்புப் பெட்டியில் சரக்கை வைத்துக் கொண்டு வந்தார்கள். ஒரு பெட்டியை யந்திரம் தூக்கி லோரியில் வைக்கும். லோரி நேரே கோலாலம்பூருக்கோ ஷா ஆலாமுக்கோ போய்விடும். உள்ளே எத்தனை மூட்டை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. கதவில் இருக்கும் எண்ணைக் குறித்து, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். என்னை அங்கே மாற்றினார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது என் பலகையில் ஒரு குறுக்குக்கோடுகூட இல்லை. அன்றைக்கு வருத்தம் ஏதும் வந்ததாக நினைவில்லை. பசி இருந்தது, சாப்பிட்டேன்.

பழைய துறைக்குக் கப்பல் வருவது குறைந்தது. மூட்டை தூக்குகிற கூட்டங்களைக் கலைத்தார்கள். புதுத்துறையின் வாசலில் லோரிகள் வரிசையாகக் காத்து நின்றன. காத்து நிற்கிறவனுக்குப் பசிக்கும். தெருவிலிருந்த கடைகள் ஒவ்வொன்றாக அங்கே போயின. முதலில் ஒரு சீனர் மீ என்கிற நூடுல்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அப்புறம் இரண்டு சாப்பாட்டுக்கடை. அப்புறம் முடிதிருத்துகிறவர்கூட ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டார். ஒன்பது சாப்பாட்டுக்கடையில் இரண்டு மிஞ்சின. அதில் ஒன்று பாயுடையது.

அவருக்கும் இடம் கிடைத்தது. புதுத்துறை வாசலுக்கு நேர் எதிரே நிலம் வைத்திருந்த தவுக்கே, அதாவது சீன முதலாளி, பழைய வாடிக்கையாளர். அவரே வந்து, நல்ல இடம், உனக்காக வைத்திருக்கிறேன், பலகை அடித்துக் கடை போட்டுக்கொள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். பாய் அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார். அவ்வளவுதான்.

மூட்டை தூக்குகிற கூட்டத்துக்குத் தலைவராக இருந்த மண்டோர் ஒருவர் வேலை போன பிறகும் தினமும் கடைக்கு வருவார். அவர் வாய் சும்மா இருக்காது.

"பாய், இங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே. அங்க லோரிக்காரன் பசியில பாக்குற பார்வைக்கு, நீ பழைய டயரை ரொட்டிக்குள்ள வச்சுக் குடுத்தாக்கூடத் தின்னுருவான் லா."

"வயிறு அங்க இருக்கு மண்டோரே. கடை இங்கல்ல இருக்கு."

"தூக்கிட்டு வா. என்னமோ அரண்மனை மாதிரி. எட்டு மேசை, ஒரு கல்லு."

"அந்தக் கல்லுல பாதி எங்க மச்சானுது."

"பாதிக் கல்ல அங்க கொண்டு போய்ப் போடு. மீதிய கிராணி காவல் காக்கட்டும். என்ன கிராணி?"

"ஓம்," என்றேன் யாழ்ப்பாண வழக்கில், வேறு எதையோ நினைத்துக்கொண்டு.

"பாத்தியா, ஓம்ட்டாரு. இந்த ஓமை வச்சே ஒரு கப்பலை இறக்கிருவாரு இந்த மனுசன்."

மண்டோர் போன பிறகு நான் பாயிடம் கேட்டேன். மச்சானுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பி, மாற்றட்டுமா என்று கேட்டால் என்ன?

"கேட்டா, தாங்க முடியாம கேக்குறான்னு ஆயிரும் கிராணியாரே. இது என் முறைதான், என் கடை இல்ல. அவரு எங்க விட்டுட்டுப் போனாரோ அங்க வந்து உக்காரணும். நான் பாட்டுக்கு வேற தெருவுல கொண்டு போய் வச்சுட்டு, இந்தாங்க உங்க கடைன்னு சொன்னா, அவரு எதை வாங்குவாரு?"

"அவர் எப்போது வருகிறார்?"

"அனுமதி கெடைக்கணும்."

அதுதான் சிக்கல். முன்பெல்லாம் கப்பலேறினால் வந்துவிடலாம். இப்போது வெளியாட்கள் வேலை செய்ய அனுமதி வேண்டும், போனவர் திரும்பி வர அனுமதி வேண்டும் என்று ஆகியிருந்தது. மச்சானின் அனுமதி தாமதமாகிக்கொண்டே போனது. பாயின் மூன்று வருடம் முடிந்து அதற்கு மேலும் ஒரு வருடம் ஓடிவிட்டது.

ஊரில் பாயின் மகளுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. கடைச் செய்திதான் போகாதே தவிர வீட்டுச் செய்தி கப்பலில் வருகிறவர்கள் மூலம் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை தேதி வைத்து, வாப்பா வரட்டும் என்று தள்ளிவைத்தார்கள். மூன்றாவது தடவை பொறுக்க மாட்டார்கள் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நிக்காஹில் தகப்பன் உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்க வேண்டும். வேறு ஆளை உட்கார வைக்கலாமே என்றேன். படித்தவன் அப்படித்தான் கேட்பான்.

"வைக்கலாம். ஊர்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? வாப்பா மவுத்தாப் போன பிள்ளைக்குச் செய்ற மாதிரி செஞ்சுட்டாங்கம்பாங்க. நான் உசிரோட இருக்கேன்ல." கல்லைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ஒவ்வொரு தடவை போறப்பவும் அது வேற பிள்ளையா இருக்கும் கிராணியாரே. மொத ஒரு வாரம் என்னப் பாத்துக் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். பழகுறதுக்குள்ள என் முறை வந்துரும். இந்த ஒரு காரியமாச்சும் நான் இருந்து செய்யணும்."

மச்சான் வர வேண்டும், வந்து ஓடுகிற கடை என்று ஒப்புக்கொண்டு உட்கார வேண்டும், அப்போதுதான் இவர் எழுந்து போக முடியும். ஆனால் கடை ஓடவில்லை. நாளுக்கு முப்பது பேர் என்பது இருபதானது, பிறகு பன்னிரண்டு. அதில் நானும் மண்டோரும் அடக்கம். ரொட்டி தட்டுகிறவர் வடக்கு வாசலில் ஒரு கடைக்குப் போய்விட்டார். பாயே தட்டினார். அப்படியும் விடியும் முன் அடுப்பு மூட்டுவதை நிறுத்தவில்லை. கூட்டம் வராது என்று தெரிந்தும் எட்டு மேசையையும் துடைத்தார்.

ஒருநாள், அனுமதி கிடைத்துவிட்டது, மச்சான் கப்பலேறிவிட்டார் என்று செய்தி வந்தது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து பயணிகள் கப்பல் பினாங்கு வழியாக இங்கே வந்து, சிங்கப்பூர் போய், ஐந்தாறு நாளில் திரும்பவும் இங்கே நின்று ஊருக்குப் போகும். மச்சான் வருகிற கப்பல் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது பாய் அதில் ஏறினால் நிக்காஹுக்குச் சரியாக இருக்கும். அடுத்த கப்பல் என்றால் தேதி போய்விடும். பாய் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். சொல்லும்போதெல்லாம் கடையைத் திரும்பிப் பார்த்தார்.

மச்சான் வந்த நாள் காலை நான் விடுப்பு எடுத்திருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்தபோது எட்டு மேசையிலும் ஆள் இருந்தது. எண்ணினேன். இருபத்தாறு பேர். எல்லோரும் பழைய மூட்டைக் கூட்டத்து ஆட்கள். வேலை போனவர்கள், காப்பாரிலும் மேருவிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறவர்கள். மண்டோர் நடுமேசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். பாய்க்கு ஒன்றும் தெரியாது. பத்து பேருக்குப் பிசைந்த மாவை வைத்துக்கொண்டு திண்டாடினார்.

"ஏதும் கப்பல் வந்திருக்கா கிராணியாரே?"

"பயணிக் கப்பல் மட்டும்தான்."

"அப்ப இவங்கள்லாம்?"

"ரொட்டிய பெருசாப் போடாத பாய், சின்னதாப் போடு," என்றார் மண்டோர். "எல்லாருக்கும் வரணும்ல."

அந்த நேரத்தில் மச்சான் ஒரு தகரப் பெட்டியோடு உள்ளே வந்தார். பாயைவிட மூத்தவர், மெலிந்தவர், மூக்குக்கண்ணாடி. இருவரும் சலாம் சொல்லித் தழுவிக்கொண்டார்கள். இருபத்தாறு பேரும் ஒரே குரலில் வாங்க பாய் என்றார்கள். மச்சான் மேசை மேசையாகப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த ஒருவரிடம் மரியாதையாகக் கேட்டார்.

"எந்தக் கப்பல் வேலை?"

"சிமெண்டு," என்றார் அவர்.

"மாவு," என்றார் மண்டோர், அதே நேரத்தில்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிமெண்டும் மாவுமா. அதான் எல்லாரு சட்டையும் இவ்வளவு சுத்தமா இருக்கு."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். மண்டோர் எழுந்து, "சரி லா, டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க, பெரிய பாய் கண்டுபிடிச்சிட்டாரு," என்றார். ஒவ்வொருவராகப் போனார்கள். பாதிப்பேர் போகும்போது பாயின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டில் ரொட்டியைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. பாய் கல்லுக்கு முன்னால் அப்படியே நின்றார். நான் படியில் நின்றேன்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் மச்சான்.

"ரெண்டு வருசமாகுது."

"எல்லாம் எங்க போயிருச்சு?"

"வடக்குத் துறை வாசலுக்கு."

"நீங்க ஏன் போகல?"

"உங்க பாதி இங்கல்ல இருக்கு மச்சான்."

"என் பாதியையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல. நான் என்ன, ஊர்ல உக்காந்துக்கிட்டு அது எந்தத் தெருவுல கெடக்குன்னா பாத்துக்கிட்டு இருந்தேன்?"

பாய் கல்லைச் சுரண்டினார். சுரண்ட அங்கே ஒன்றுமில்லை.

மச்சான் அன்று கல்லாவில் உட்காரவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் கடையை இன்னும் வாங்கவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது. மறுநாள், வடக்கு வாசலைப் பார்க்க வேண்டும், வழி காட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருவரும் போனோம்.

வாசலுக்கு எதிரே இருபத்தொரு கடைகள் இருந்தன. தவுக்கே பாய்க்கு வைத்திருந்த இடத்தில் வேறொருவர் தகரக் கூரை போட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தட்டியவர் பாயிடம் வேலை பார்த்தவர்தான். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். லோரிகள் சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. மச்சான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "நீங்கள் அவர் இடத்தில் இருந்திருந்தால் மாற்றியிருப்பீர்களா?"

அவர் லோரிகள் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க மாத்தறது. நானும் மாத்தியிருக்க மாட்டேன். அவருகிட்ட சொல்லிறாதீங்க."

திரும்பி வந்ததும் மச்சானும் பாயும் பேசினார்கள். ஓடாத கடையை நான் எப்படி வாங்குவேன் என்றார் மச்சான். கடையைப் பூட்டிவிட்டு நிக்காஹுக்குப் போய் வாருங்கள் என்றார். பாய் அதற்கு ஒப்பவில்லை. வாப்பா நடத்திய கடையைத் தன் முறையில் பூட்டிவிட்டு வந்தவன் என்ற பேரோடு பந்தலில் உட்கார மாட்டேன் என்றார். சத்தம் போடவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி அதையே தாழ்ந்த குரலில் சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். தொழுகைக்குச் சேர்ந்து போனார்கள். வந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

நான் கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிவிட்டதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிளம்பிவிட்டது என்றார்கள்.

கப்பல் இங்கே நின்ற அன்று மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது பாயின் பெட்டி கட்டப்படவில்லை. அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மச்சான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பின்கட்டிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

"எந்திரிங்க மச்சான்."

"கடை ஓடலியே."

"ஓடுதா ஓடலியான்னு வாங்குறவந்தான சொல்லணும். நான் வாங்கிட்டேன். எந்திரிங்க, கப்பல் நாலு மணிக்கு."

பாய் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்தார். அவர் எழுந்த சூட்டிலேயே மச்சான் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே மறுபடி எழுந்து, கல்லுக்குப் பக்கத்தில் போய் ஒரு டீ ஆற்றிக் கொண்டு வந்து பாய் முன்னால் வைத்தார். கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு வாங்கியவர் கையால் முதல் டீ கொடுப்பது வழக்கமாம். பாய் அதை நின்றுகொண்டே குடித்தார். மண்டோர் ஓடிப் போய் டாக்சி பிடித்து வந்தார்.

"பாய், மாப்பிள்ளை கையப் புடிக்கறப்ப இந்த மாவுக் கைய நல்லாக் கழுவிட்டுப் புடி லா," என்றார். பாய் சிரித்தார். டாக்சியில் ஏறும்போது கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி அதை அவர் பார்க்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை மச்சான் அடுப்பு மூட்டவில்லை. நான் கீழே வந்தபோது மேசைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். மூடப் போகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

"உங்கள் முறையில் மூடியதாக ஆகுமே."

"அவருக்குப் பொம்பளப் பிள்ளை. இப்ப நாலு பேரு முன்னால உக்காரணும். எனக்கு ரெண்டும் பையனுங்க." மேசையின் மறுபக்கத்தைக் காட்டினார். "கொஞ்சம் புடிங்க கிராணியாரே."

பிடித்தேன். எட்டு மேசை, முப்பத்திரண்டு நாற்காலி. நாற்காலி ஒன்று கூடுதலாக வந்தது. அது மாடியிலிருந்து நான் கொண்டு வந்தது என்று பிறகு ஞாபகம் வந்தது.

மச்சான் செராஸில் ஊர்க்காரர் ஒருவரின் கடையில் ரொட்டி தட்டப் போனார். நான் இன்னும் சில வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எண்பதுகளில் அந்தத் தெருவின் பாதியை இடித்து லோரி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். மண்டோர் காப்பாரில் மகள் வீட்டில் காலமானார்.

மகன் வீட்டுக்கு வந்த பிறகு எப்போதாவது செராஸுக்குப் போய் மச்சானைப் பார்ப்பேன். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது, பாய் கையைப் பிடித்துக் கொடுத்தார், இப்போது பேரப்பிள்ளைகள் என்றெல்லாம் அவர்தான் சொன்னார். அவருடைய மூன்று வருடம் என்றோ முடிந்திருந்தது. நீங்கள் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று ஒரு தடவை கேட்டேன்.

"நான் போனா அவரு வரணும்ல."

"வந்தால்?"

"எங்க வந்து உக்காருவாரு?"

அவருக்குத் தெரியாதா என்றேன். கடை இல்லை என்பது இத்தனை வருடத்தில் காதுக்குப் போகாமலா இருக்கும். கப்பல் நின்றுவிட்டாலும் விமானத்தில் ஆட்கள் வந்து போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்.

"தெரிஞ்சிருக்கும். அவரு கேக்கல. முறையில இருக்குறவன் கடைச் சேதி சொல்லக் கூடாது, நானும் சொல்லல. என் சம்சாரம்தான் கேட்டு விடுது, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த முறைன்னு." மாவு உருண்டை ஒன்றை எண்ணெயில் தொட்டு, அடித்து, விரித்தார். அந்த வயதிலும் அது காகிதம் மாதிரி விரிந்தது. "நீங்க ரொட்டி சாப்பிடுறீங்களா, சோறா?"

ரொட்டி என்றேன். இரண்டு வைத்தார். சாப்பிட்டுவிட்டு, சுங்கை வேக்கு நேர் பஸ் கிடையாது, கோட்டராயாவில் மாற வேண்டும், மழை வேறு வருகிறது என்று கிளம்பினேன். அவர் அடுத்த உருண்டையை எடுத்தார்.